கொடுமுடிக் கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

பல்லடத்திலிருந்து காங்கேயம் வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், விசைத்தறிகளின் ஓசை மெல்ல மெல்லக் குறைந்து, எண்ணெய் ஆலைகளும் தென்னந்தோப்புகளும் மேய்ச்சல் நிலங்களும் கடந்து, காவிரிக் கரையை அடைவர். அக்கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரம் பாடிய மூவரும் பாண்டிக்கொடுமுடி என்று போற்றிய பழம்பதி அது. பாட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிறந்த ஒரு பெண் குழந்தை, பின்னாளில் தமிழ் பேசும் நாடுகள் எங்கும் மூன்றெழுத்தால் அறியப்பட்டது. கே.பி.எஸ். என்ற அந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் நம் வீட்டு முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அக்காலத்தில் கொடுமுடியும் பல்லடமும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தவை. 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. 2009-இல் நம் திருப்பூர் மாவட்டம் தோன்றியது. மாவட்டங்கள் பிரிந்தாலும் கொங்கு மண்ணின் கலைச் செல்வங்கள் எல்லார்க்கும் பொதுவானவையே. புல்லாங்குழலில் புகழ்பெற்ற சஞ்சீவராவ் நம் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்து சென்றது போல, சுந்தராம்பாள் அம்மையார் தம் ஊரின் பெயரை முதல் எழுத்தாகச் சுமந்தார். இரண்டாம் எழுத்தாகிய 'பி' தாயார் பாலாம்பாளைக் குறிப்பது. தந்தை பெயரே தலைப்பெழுத்தாக விளங்கும் நம் வழக்கத்தில், தாயின் பெயரைத் தம் புகழோடு சேர்த்து நாடறியச் செய்த பெண்மணி இவர். அதன் காரணம் அவருடைய இளமை வரலாற்றை அறிந்தால் விளங்கும்.

வறுமையும் மேடையும்

தந்தையின் துணையற்ற குடும்பம். தாய், சுந்தராம்பாள், தம்பி கனகசபாபதி, தங்கை சுப்பம்மாள் என நால்வர். உழைத்துக் கிடைத்த கூலி நால்வரின் ஒருவேளைக் கஞ்சிக்கும் போதாத நாட்கள். துன்பம் பொறுக்க முடியாத ஒரு நாளில் அந்தத் தாய் மக்களை அழைத்துக்கொண்டு காவிரியில் இறங்கிவிட எண்ணியதாகவும், பிள்ளைகளின் அழுகை அவர் மனத்தை மாற்றியதாகவும் அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பர்.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அந்தப் புகைவண்டியில் சிறுமி சுந்தராம்பாள் பாடியதைக் கேட்டு வியந்தவர்களே அவரை நாடக உலகுக்கு அறிமுகம் செய்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இரயில்வே அதிகாரியும் நாடகப் புரவலருமான எஃப். ஜி. நடேச ஐயரின் பெயர் இதில் முதலிடம் பெறுகிறது. கரூரில் காவல் துறை அதிகாரி ஒருவர் அக்குழந்தையின் குரலைக் கேட்டுப் பரிந்துரைத்தார் என்போரும் உளர். எவ்வழியில் சென்றிருப்பினும், சென்று சேர்ந்த இடம் வேலு நாயரின் நாடகக் குழு.

மேடையில் அக்குழந்தைக்கு வாய்த்த தொடக்கக் கால வேடங்களில் ஒன்று 'நல்லதங்காள்' நாடகத்தில் வரும் பிள்ளை வேடம். பஞ்சம் தாளாமல் பெற்ற மக்களைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த தாயின் கதை அது. பசியால் அழும் பிள்ளையாக நின்று பாடிய சிறுமிக்கு அந்தப் பசியை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. கொட்டகையில் இருந்தோர் கண்ணீர் விட்டனர் என்பதில் வியப்பொன்றும் இல்லை. காவிரிக் கரையிலிருந்து திரும்பி வந்த தாய், தன் மகள் அந்த வேடத்தில் நின்றதைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கையில்தான் நம் நெஞ்சம் கலங்குகிறது.

ஒலிபெருக்கி இல்லாத நாட்கள்

இன்றைய மாணவர்களுக்கு அன்றைய நாடக மேடையைச் சற்று விளக்க வேண்டும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இயற்றிய 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்களே தமிழகமெங்கும் நடிக்கப்பட்டன. இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும் நாடகம் விடியற்காலையில் முடியும். கீற்றுக் கொட்டகை, காஸ் விளக்கு, மேடையின் ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில், தரை டிக்கெட்டில் கடைசி வரிசையில் சம்மணமிட்டிருக்கும் உழவனின் காதுக்கும் பாட்டின் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆகவே நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியில், நான்கு ஐந்து கட்டையில், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பாடினர். உயரச் சென்ற குரல் நடுங்கினாலோ சொல் சிதைந்தாலோ, கூட்டம் அந்த இடத்திலேயே தீர்ப்பு வழங்கிவிடும்.

'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒரு குழுவைச் சாராத நடிகர்களை வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வரவழைத்து, ஒரே இரவு மேடையில் சேர்ப்பர். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில்தான் சந்திப்பர். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம் என்று தருக்கம் நடக்கும். எதிரில் நிற்பவர் எந்த இராகத்தில் எந்தப் பாட்டை எடுப்பார் என்பது தெரியாது. எடுத்தவுடன் தக்க விடை கூற வேண்டும். கல்லூரி வாசலை மிதியாத அம்மையார், தமிழ்ச் சொல்லைத் தெளிவாகவும் அழுத்தமாகவும் ஒலிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் பள்ளியில்தான். லகர, ளகர, ழகர வேறுபாடு அவர் பாட்டில் ஒருபோதும் மயங்கியதில்லை. மொழித்துறை மாணவர் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள இன்றும் அவர் இசைத்தட்டுகளைக் கேட்கலாம் என்பது எம் கருத்து.

நாகூர் இ. எம். ஹனீபா அவர்களின் குரலை ஒலிபெருக்கியின்றி அருகிருந்து கேட்ட பெரியவர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. அத்தகைய முழுக்குரலின் ஆற்றல் எத்தகையது என்பதை அவர்கள் எளிதில் உணர்வர். அம்மையாரின் குரல் அவ்வகைக் குரல்களுக்கு மூத்தது.

கொழும்பில் ஒரு சந்திப்பு

அக்காலத் தமிழ் நாடகக் குழுக்களுக்கு இலங்கை இரண்டாம் தாய்வீடு. அங்குச் சென்று நடித்தோர் பொருளும் புகழும் ஈட்டித் திரும்பினர். சுந்தராம்பாளும் இலங்கையில் நடித்துப் பெரும்பெயர் பெற்றார். 1926-ஆம் ஆண்டு, கொழும்பு மேடையில் அவருடன் இணைந்து நடிக்கச் செங்கோட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர்தாம் எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த செங்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே சகோதரர்களுடன் மேடையேறியவர். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தில் இவர் பாடிய பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர். உச்சத்தில் நின்று விளையாடும் குரல் இவருடையது. இந்த இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று காணவே மக்கள் ஆவல் கொண்டனர். அப்பெண்ணின் முன் உன் பாட்டு எடுபடாது என்று கிட்டப்பாவையும், அந்த இளைஞன் உன்னை வென்றுவிடுவான் என்று சுந்தராம்பாளையும் நண்பர்கள் அச்சுறுத்தியதாகச் சொல்வர். மேடையில் வென்றவர் யார் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. வள்ளியும் வேலனுமாக அவர்கள் நிகழ்த்திய தருக்கம் அன்றிரவே பேரும் புகழும் பெற்றது.

1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்கள் தமிழகத்து நகரங்களிலெல்லாம் பெருங்கூட்டத்தைக் கூட்டின. கிட்டப்பாவின் சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். கிராமபோன் இசைத்தட்டுகள் வந்ததும் இவர்கள் குரல், நாடகம் எட்டாத சிற்றூர்களுக்கும் சென்றது. செல்வர் வீட்டுத் திண்ணையில் பெட்டி பாடும்போது தெருவே கூடி நின்று கேட்கும்.

இந்த மணவாழ்வைப் பற்றி எழுதுவோர் பலர் அதனை ஒரு காவியமாக்கிவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கிட்டப்பா முன்னரே கிட்டம்மாள் என்னும் பெண்ணை மணந்தவர். அந்தணக் குடும்பத்தில் பிறந்த அவருக்கும், நாடக மேடையே வாழ்வாக இருந்த சுந்தராம்பாளுக்கும் நடந்த திருமணத்தை அவர் சுற்றம் எளிதில் ஏற்கவில்லை. ஒரு குழந்தை பிறந்து சில நாட்களில் மறைந்தது. மனக்கசப்புகள் வளர்ந்தன. அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்துள்ளன. அவற்றைப் படிப்போர், மேடையில் எவருக்கும் அஞ்சாமல் நின்ற ஒரு பெண், தன் இல்லத்தில் உரிமைக்கும் மதிப்புக்கும் எவ்வாறு ஏங்கினார் என்பதைக் காண்பர். அவற்றில் கோபம் உண்டு; மன்றாடல் உண்டு; தன்மானம் எல்லாவற்றிற்கும் மேலாக உண்டு. கிட்டப்பாவுக்கும் அவர் பக்கத்து நெருக்கடிகள் இருந்திருக்கும். புகழ், ஓயாத பயணம், இரு குடும்பம், கெட்டுப்போன உடல்நலம் எல்லாம் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனின் தோளில். இறுதிக் காலத்தில் இருவரும் பிரிந்தே இருந்தனர்.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

வெண்மை

அன்று முதல் அம்மையார் வெண்ணிற ஆடை அணிந்தார். நகைகளைத் துறந்தார். நெற்றியில் திருநீறு மட்டும் நிலைத்தது. எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியை ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், தம் இறுதி மூச்சு வரை காத்தார்.

இந்த நோன்பைப் புகழாதார் இல்லை. ஆனால் புகழ்வோர், அதை நோற்றவரின் வயதையும் தொழிலையும் ஒருகணம் எண்ண வேண்டும். இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில், தமிழகத்தின் முதன்மையான ஸ்திரீபார்ட் நடிகை, தன் பிழைப்புக்கு ஆதாரமான இணைவேடங்களைத் தாமே மூடிக்கொண்டார். தாயும் தம்பியும் தங்கையும் அவரை நம்பியிருந்தனர். மேடைப் பெண்களை மதிக்கத் தயங்கிய அந்நாளைய உலகம், தம்மை ஒரு மனைவியாகவும் கைம்பெண்ணாகவும் ஏற்குமா என்ற வினா அவர் முன் இருந்தது. சட்டமும் சுற்றமும் தர மறுத்த தகுதியை அவர் தம் வெள்ளைச் சேலையால் தாமே எடுத்துக்கொண்டார் என்று நாம் கருதுகிறோம். நாளடைவில் அந்த உடையே அவருக்கு ஒரு கவசமாயிற்று. யாரும் அவரை எளிதாக அணுகவோ இழிவாகப் பேசவோ துணியவில்லை. இதற்காக அவர் தந்த விலையை யாரால் அளக்க முடியும்?

சில காலம் அவர் வீட்டை விட்டே வெளிவரவில்லை. நாட்டுப் பணியும் கலைப் பணியும் அவரை மீண்டும் அழைத்தன. தலைவர் சத்தியமூர்த்தி கலைஞர்களை விடுதலை இயக்கத்தில் ஈடுபடுத்துவதில் பேரார்வம் கொண்டவர். கிட்டப்பா இருந்த காலத்திலேயே அவ்விணையர் காங்கிரஸ் மேடைகளில் பாடியதுண்டு, கதர் உடுத்தியதுண்டு. காந்தியடிகளைப் போற்றி அம்மையார் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளாகப் பரவியிருந்தன. திருப்பூர் கதர் உற்பத்தியின் நடுநாயகமாக விளங்கியதும், 1932 சனவரியில் கொடி காத்த குமரன் அங்கு உயிர் நீத்ததும் இதே காலத்துச் செய்திகள். கொங்கு மண் முழுவதும் அந்த உணர்வு கனன்றுகொண்டிருந்தது. 1934-இல் அம்மையார் மீண்டும் மேடையேறினார். ஏற்ற வேடம் நந்தனார். ஓர் ஆண் வேடம். அதிலும் தில்லை வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட உழவர் குலத்து அடியாரின் வேடம். இணைந்து நடிக்க ஆண் வேண்டாத வேடமாகையால் அவர் உறுதிக்கும் பங்கமில்லை.

இலட்ச ரூபாய்

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் பின் நாடக நடிகர்கள் அனைவரையும் படமுதலாளிகள் தேடி வந்தனர். அம்மையாரைத் தேடி வந்தவர் ஆசன்தாஸ் என்பவர். 'நந்தனார்' கதையைப் படமாக்க விரும்பினார். திரைப்படத்தில் நடிக்க விருப்பமில்லாத அம்மையார், வந்தவரைத் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடு, எவரும் கேட்டிராத தொகையாக ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அவரோ உடனே ஒப்புக்கொண்டார்! மாதச் சம்பளம் பத்து இருபது ரூபாய்களில் எண்ணப்பட்ட காலம் அது. ஒரு படத்துக்கு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்ற முதற் கலைஞர் என்று இந்தியத் திரைப்பட வரலாற்றில் அவர் பெயர் பதிந்தது. ஒருவேளைக் கஞ்சிக்கு வழியற்றிருந்த பாலாம்பாளின் மகள் அவர்.

1935-இல் வெளிவந்த அப்படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பாட்டுக்குக் குறைவில்லை. ஆயினும் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. எழுத்தாளர் கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை மரங்களும் எருமைகளுமே என்னும் பொருள்பட எழுதிய கேலி விமரிசனம் இன்றும் பேசப்படுகிறது. கொட்டகையின் கடைசி வரிசைக்காக விரிந்த முகபாவமும் கையசைவும், அருகில் நிற்கும் காமிராவுக்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். அன்றைய படமுதலாளிகளும் நாடகத்தை அப்படியே படம்பிடிப்பதற்கு மேல் எதுவும் அறிந்திருக்கவில்லை. குறை அனைத்தையும் நடிகையின் மேல் ஏற்றுவது முறையன்று.

1937-இல் காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்துக்கு வந்த செய்தியை அவர் வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பர். அம்மையார் தங்கத் தட்டில் உணவு படைத்தார். உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அடிகள் வேடிக்கையாகக் கேட்க, அதனையும் மகிழ்ந்து அளித்தார். அடிகள் அதனை ஏலம் விட்டு நாட்டுப் பணிக்குச் சேர்த்தார் என்பது செய்தி. அவ்வாண்டுத் தேர்தலில் சத்தியமூர்த்தி பேசிய கூட்டங்களில் அம்மையாரின் பாட்டும் இடம்பெற்றது. பேச்சுக்கு வாராதவரும் பாட்டுக்கு வந்தனர்.

தமிழ் நூல்களின் முகம்

அடுத்து, 1940-இல் 'மணிமேகலை' வந்தது. அதன் பின் நெடிய இடைவெளி. 1953-இல் ஜெமினி ஸ்டூடியோவின் எஸ். எஸ். வாசன், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் 'ஔவையார்' படத்தை வெளியிட்டார். பல ஆண்டுகள் உழைத்து, பெரும்பொருள் செலவழித்து எடுக்கப்பட்ட படம். யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியை எம் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டு நாம் வளர்ந்தோம். கதை, காட்சி, அரங்கம் அனைத்தையும் மீறி அப்படத்தில் நின்றது அம்மையாரின் குரல்.

இங்குத் தமிழ்த்துறையார் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் புலவர் பலர் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவர் வேறு. ஆத்திசூடி பாடியவர் வேறு. சங்க நூல்களில் காணப்படும் ஐம்பத்தொன்பது பாடல்களைப் பாடிய ஔவை, கோலூன்றிய மூதாட்டி என்பதற்கு அப்பாடல்களிலேயே வலுவான சான்று இல்லை. ஆயினும் நம் மாணவரிடம் ஔவையைப் பற்றிக் கேட்டால் அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது வெள்ளைச் சேலையும் திருநீறும் கோலுமாக நிற்கும் சுந்தராம்பாள் அம்மையாரே. ஒரு புலவரின் முகத்தையே ஒரு நடிகை எழுதிவிட்டார். இதனை ஆராய்ச்சிக்கு நேர்ந்த இழப்பு என்று சிலர் வருந்தலாம். எழுத்தறியாத இலட்சக்கணக்கான தாய்மாருக்கு ஔவை என்றொரு பெண் புலவர் இருந்தார் என்பதை அறிவித்த பெருமையை அதனோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. மணிமேகலை, ஔவை, 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1973-இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் அனைவரும் உலகியல் இன்பம் துறந்த பெண்கள். மூவர் நூல்களில் வாழ்பவர்கள் அல்லது நூல்களை யாத்தவர்கள் என்றல்ல, நால்வருமே தமிழ் இலக்கியத்தால் நாம் அறிந்தவர்கள். இணைவேடம் ஏற்பதில்லை என்ற உறுதியே அவரை இவ்வேடங்களை நோக்கிச் செலுத்தியது. 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளமைப் பருவத்துப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, இல்லறம் நீங்கிய பிந்தைய பருவத்துக்கு அம்மையார் வந்தார்.

'பூம்புகார்' பற்றி ஒரு செய்தி. திரைக்கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. பகுத்தறிவுக் கொள்கையினரான அவரும், முருகன்பால் அளவிறந்த பக்தி கொண்ட அம்மையாரும் ஒரே படத்தில் பணிபுரிந்தனர். கோவலன் கொலையுண்டபின் வரும் பாட்டில் தெய்வம் எங்கே சென்றது என்று வினவும் ஓரடி இருந்தது. அதனைப் பாட அம்மையாரின் மனம் இடம் தரவில்லை. அவர் மனத்தை மதித்துக் கருணாநிதி அவ்வடியை மாற்றித் தந்தார். இருவரும் தத்தம் கொள்கையில் உறுதியானவர்கள். ஒருவர் மற்றவரின் நம்பிக்கையைப் புண்படுத்த விரும்பவில்லை.

1965-இல் ஏ. பி. நாகராஜன் 'திருவிளையாடல்' எடுத்தபோது அம்மையாருக்கு வயது ஐம்பத்தாறு. மாம்பழம் கிடைக்காமல் கோபித்து மலையேறிய குழந்தை முருகனைச் சமாதானம் செய்யும் ஔவையாக அவர் வரும் பகுதி சிறியது. ஆனால் அப்பாட்டில் உச்சத்துக்குச் செல்லும் இடத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையைத் தேடிச் சென்ற அதே குரலைக் கேட்கிறோம். மைக் முன்னே மெல்லக் குழையும் புதிய பாணி வந்து, பழைய பாடகர் பலரும் ஒதுங்கிவிட்ட காலம் அது. அம்மையார் தம் பாணியை மாற்றவில்லை, கே. வி. மகாதேவன் போன்ற இசையமைப்பாளர்கள் அக்குரலுக்கேற்ப இசையை அமைத்தனர். 1967-இல் 'கந்தன் கருணை'யிலும் ஔவையாகவே வந்தார். 1969-இல், கோவையிலிருந்து சென்ற சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். அவ்விருது ஏற்படுத்தப்பட்டபின் பெற்ற இரண்டாமவர் அவர். முந்தைய ஆண்டு பெற்றவர் பி. சுசீலா.

சிறப்புகள்

1950-களில் காங்கிரஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக வீற்றிருந்தார். இந்தியத் திரைக் கலைஞர்களில் சட்டமன்றத்துள் முதலில் நுழைந்தவர் என்று அவரைக் குறிப்பர். பின்னாளில் திரையுலகினர் பலர் அவ்வழியே சென்று முதலமைச்சர்களாகவே வீற்றிருந்ததை நாம் அறிவோம். கதவைத் திறந்தவர் கொடுமுடிப் பெண் என்பதை மட்டும் பலர் மறந்துவிட்டனர்.

தமிழ் இசைச் சங்கம் 1966-இல் 'இசைப் பேரறிஞர்' பட்டம் அளித்தது. தமிழில் பாடினால் மதிப்பில்லை என்று கருதப்பட்ட நாட்களிலும் வாழ்நாளெல்லாம் தமிழையே பாடியவர்க்குக் காலந்தாழ்ந்து வந்த சிறப்பு அது. நடுவண் அரசு 1970-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஈட்டிய பொருளில் தம் ஊரில் ஒரு திரையரங்கம் கட்டினார். பட்டணத்தில் பெற்ற செல்வத்தைப் பட்டணத்திலேயே வைத்துவிட்டு ஊரை மறப்போர் மிகுந்த தொழில் அது. அம்மையார் சென்னையில் புகழோடு வாழ்ந்த காலத்திலும் கொடுமுடிக்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

கணவரின் பெயரை அவர் கடைசிவரை மரியாதையோடு போற்றினார் என்பர். ஆறே ஆண்டு மணவாழ்வு, அதிலும் பாதி மனவருத்தம். அதற்குப்பின் நாற்பத்தேழு ஆண்டு தனிமை. அவருக்குள் இருந்த கணக்கு அவருக்கே தெரியும்.

1980-ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார். அன்று மாலை பல்லடம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற தறிக்காரர்கள், வேலைக்குத் திரும்பாமல் அவர் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்ததை எம் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் நினைவுகூர்வார். கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியவுடன் முதலில் வைக்கும் இசைத்தட்டு அவருடையதாகவே பல ஆண்டுகள் இருந்தது. இன்று இசைத்தட்டும் இல்லை, அந்த ஒலிபெருக்கிகளும் அருகிவிட்டன. சென்ற மார்கழியில் விசைத்தறிக் கூடம் ஒன்றைக் கடந்து சென்றபோது, தறிகளின் பேரோசைக்கு நடுவே, ஓர் இளைஞரின் கைப்பேசியிலிருந்து அக்குரல் வந்துகொண்டிருந்தது. தறியோசையை மீறிச் சொல் தெளிவாகவே கேட்டது.